பிரேக் ஆயில் ஆயிலே இல்லை: பழைய காருக்கு எதை ஊற்றுவது?

போன வருஷம் மே மாதம். ஏற்காட்டில் இருந்து சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். வண்டி அப்பாவின் 1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பக்கத்து சீட்டில் அப்பா, பின்னால் மனைவியும் மகளும். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள், பாதிக்கு மேல் தாண்டிவிட்டோம். அடுத்த வளைவுக்கு முன்னால் வழக்கம்போல பிரேக்கை மிதித்தேன். பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி பெடல் அமுங்கி அப்படியே தரையைத் தொட்டது. வண்டியின் வேகம் குறையவே இல்லை.

அப்பா எதுவும் பேசவில்லை. அவர் கை நேராக ஹேண்ட்பிரேக்குக்குப் போனது. நான் பெடலை நாலைந்து தடவை பம்ப் அடித்தேன், கொஞ்சம் பிடித்தது. செகண்ட் கியருக்கு மாற்றினேன். அப்பா ஹேண்ட்பிரேக்கை விட்டு விட்டு இழுத்தார். இடது பக்கம் மலைச்சுவர் இருந்தது எங்கள் நல்ல நேரம். ஓரத்து ஓடையில் சக்கரம் உரசி வண்டி நின்றது.

இனிமேல்தான் விசித்திரம். அரை மணி நேரம் கழித்துப் பெடலை மிதித்துப் பார்த்தால் கல்லு மாதிரி நிற்கிறது! மூடியைத் திறந்து பார்த்தேன், பிரேக் ஆயில் அளவு சொட்டுகூடக் குறையவில்லை. நாலு சக்கரத்திலும் ஈரம் இல்லை. குடும்பத்தைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, முதல் கியரிலேயே ஊர்ந்து ஊர் வந்து சேர்ந்தேன்.

மறுநாள் பழைய வண்டிகள் பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் போனேன். வயது எழுபது இருக்கும்.

"ஆயில் கடைசியா எப்ப மாத்துனீங்க தம்பி?"

"மாத்தினதில்லண்ணே. குறையறப்ப ஊத்துவோம்."

அவர் சிரிக்கவில்லை. ரிசர்வாயரில் இருந்து கொஞ்சம் உறிஞ்சி ஒரு கண்ணாடி டம்ளரில் விட்டுக் காட்டினார். பிளாக் காபி.

வீட்டுக்கு வந்து வீட்டுக் கணக்கு நோட்டைப் பார்த்தால், கடைசியாக முழுசாக மாற்றியது ஒன்பது வருஷத்துக்கு முன்னால். அன்றிலிருந்து இந்த ஒரு திரவத்தைப் பற்றி மூன்று மாதம் படித்தேன். நடுவில் மூன்று பேர் மூன்று யோசனை சொன்னார்கள். "அந்தக் காலத்து வண்டிக்கு டாட் 3 தான்." "டாட் 5.1 போடுங்க, அதுதான் லேட்டஸ்ட்." "சிலிகான் போட்டுட்டா ஆயுசுக்கும் மாத்தவே வேண்டாம்." இந்த மூன்றில் எது சரி, ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பெடல் ஏன் போனது, ஏன் திரும்பி வந்தது?

ஹைட்ராலிக் பிரேக்கின் அடிப்படை பள்ளிக்கூடத்துப் பாஸ்கல் விதிதான். பெடல் மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் திரவத்தை அழுத்துகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியாக ஒவ்வொரு சக்கரத்தின் வீல் சிலிண்டருக்கும் அப்படியே போகிறது. அங்கே பிஸ்டன்கள் விரிந்து லைனரை டிரம்மில் அழுத்துகின்றன. திரவம் சுருங்காது என்ற ஒரே நம்பிக்கையில் மொத்த ஏற்பாடும் நிற்கிறது.

ஓடும் வண்டியில் பிரேக் போவதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள். அறிகுறிகள் வேறு வேறு என்பதால் பிரித்துச் சொல்லிவிடலாம்.

ஒன்று, கசிவு. பெடல் தரைக்குப் போகும், திரும்பி வராது, ரிசர்வாயரில் அளவு குறையும். எங்களுக்கு அது இல்லை.

இரண்டு, லைனர் சூடேறிப் பிடிப்பை இழப்பது. இதில் பெடல் கெட்டியாகவே இருக்கும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. அதுவும் இல்லை.

மூன்று, திரவம் கொதித்து ஆவியாவது. திரவம் சுருங்காது, ஆவி சுருங்கும். தண்ணீர் 100 டிகிரியில் நீராவியாகும்போது சுமார் 1,700 மடங்கு இடத்தைப் பிடிக்கும். குழாயில் ஒரு கடுகளவு திரவம் ஆவியானால்கூடப் போதும், நம் கால் தரும் அழுத்தமெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். வண்டி ஆறினால் ஆவி மறுபடி திரவமாகிவிடும். பெடலும் பழையபடி நிற்கும். அரை மணி நேரத்து மர்மத்துக்கு விடை இதுதான்.

இதில் ஒரு குரூரமான நுணுக்கம் இருக்கிறது. பெடலை மிதித்திருக்கும் வரை குழாயில் அழுத்தம் அதிகம். அழுத்தம் அதிகமானால் கொதிநிலையும் உயரும், பிரஷர் குக்கர் தத்துவம். காலை எடுத்ததும் அழுத்தம் விழும், அப்போதுதான் சூட்டில் இருக்கும் திரவம் கொதிக்கும். அதாவது இந்த வளைவில் பிரேக் நன்றாகவே பிடித்திருக்கும், அடுத்த வளைவில் பெடல் இருக்காது. எச்சரிக்கையே கிடையாது.

ஒரு மலை இறக்கத்தின் கணக்கு

டிரம் பிரேக்கில் அவ்வளவு சூடு வருமா என்று எனக்கே சந்தேகம். கணக்குப் போட்டேன். ஹெரால்டின் எடை ஏறக்குறைய 800 கிலோ. நாலு பேரும் மூட்டை முடிச்சும் சேர்த்து 1,100 கிலோ என்று வைப்போம். ஏற்காடு கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. இறக்கம் 1,200 மீட்டர். எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 1.3 கோடி ஜூல்.

புரிகிற மாதிரி சொன்னால், 30 டிகிரியில் இருக்கும் 44 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு இது. இஞ்சினும் காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி எல்லாம் டிரம்முக்குத்தான் போகும். அதில் சின்னப் பங்கு லைனர் வழியாக வீல் சிலிண்டருக்குப் போகிறது.

"ஏறின கியர்லயே இறங்கணும்" என்று அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த நாளில் இருந்து சொல்வார். அந்தப் பங்கை இஞ்சின் தலையில் கட்டுவதற்கான சூத்திரம் அது. அன்றைக்கு நான் டாப் கியரில் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கிக்கொண்டிருந்தேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தண்ணீர் எப்படி உள்ளே வந்தது?

இன்று கடையில் கிடைக்கும் பிரேக் ஆயிலில் பெரும்பாலானவை கிளைக்கால் ஈதர் என்ற வகை வேதிப்பொருளால் ஆனவை. இவற்றுக்கு ஒரு பழக்கம் உண்டு, தண்ணீரைக் கண்டால் இழுத்துக்கொள்ளும். வெல்லம் மழைக்காலத்தில் கசிவது போல. ரிசர்வாயர் மூடியின் சின்னக் காற்றுத்துளை வழியாகவும், சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் காற்றில் இருக்கும் ஈரம் உள்ளே போகும். வண்டி ஓடினாலும் போகும், ஷெட்டில் கிடந்தாலும் போகும். "வருஷத்துக்கு 500 கிலோமீட்டர்கூட ஓடல, ஆயில் எதுக்கு மாத்தணும்?" என்ற கேள்வி அதனால்தான் தப்பு. பழைய கார்கள் பெரும்பாலும் நின்றே கிடப்பவை. அவற்றுக்குக் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது, காலண்டர்தான் கணக்கு.

உள்ளே போன தண்ணீர் இரண்டு வேலை செய்கிறது. முதல் வேலை, கொதிநிலையை இறக்குவது. இரண்டாவது, இரும்பை அரிப்பது. புதுத் திரவத்தில் துருவைத் தடுக்கும் சேர்மானங்கள் இருக்கும், வருஷங்கள் போகப் போக அவை தீர்ந்துவிடும்.

என் வண்டியின் டிரம்மைக் கழற்றியபோது இந்த இரண்டும் கைகோத்து நின்றதைப் பார்த்தேன். முன் சக்கரம் ஒன்றின் வீல் சிலிண்டரில் பிஸ்டன் துருப்பிடித்துப் பாதியில் மாட்டியிருந்தது. பெடலை விட்ட பிறகும் அந்த லைனர் டிரம்மை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. மற்ற சக்கரங்கள் ஆறும்போது அது மட்டும் சூடேறிக்கொண்டே போயிருக்கிறது. சூட்டை உண்டாக்கியதும் தண்ணீர், அந்தச் சூட்டுக்குக் கொதித்ததும் தண்ணீர்.

டாட் எண்கள்: இது வெர்ஷன் நம்பர் இல்லை

டப்பாவில் இருக்கும் டாட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பெயர்ச் சுருக்கம். அந்த நாட்டின் பாதுகாப்புத் தரம் 116 இந்த வகைகளை வரையறுக்கிறது. உலகம் முழுக்க அதையே புழங்குகிறோம். ஒவ்வொரு வகைக்கும் இரண்டு கொதிநிலைகள் உண்டு. டப்பாவைப் புதிதாகத் திறந்தபோது இருப்பது உலர் கொதிநிலை. சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு இருப்பது ஈரக் கொதிநிலை. குறைந்தபட்சம் இருக்க வேண்டிய அளவுகள் இவை (டிகிரி செல்சியஸில்):

டாட் 3: உலர் 205, ஈரம் 140
டாட் 4: உலர் 230, ஈரம் 155
டாட் 5: உலர் 260, ஈரம் 180
டாட் 5.1: உலர் 260, ஈரம் 180

விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது முதல் எண்ணை. மலையில் உங்களைக் காப்பாற்றுவது இரண்டாவது எண். ஒன்றுக்கும் மற்றதுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். புது டாட் 3 திரவம் 205 வரை தாங்கும். தண்ணீர் சேர்ந்த டாட் 4 தாங்குவது 155. அதாவது, போன வாரம் ஊற்றிய சாதாரண டாட் 3, வருஷக்கணக்கில் கிடக்கும் உசத்தி டாட் 4-ஐ விட 50 டிகிரி மேல். டாட் 5.1-கூட ஈரம் சேர்ந்தால் புது டாட் 3-க்குக் கீழேதான். இந்த ஒரு ஒப்பீடு புரிந்தபோது, எந்த டப்பா வாங்குவது என்ற என் கவலை பாதி தீர்ந்தது.

அடுத்தது எண்களின் வரிசை. சாப்ட்வேர்காரனான எனக்கு 5-க்குப் பிறகு 5.1 வந்தால் அது 5-இன் திருத்திய பதிப்பு என்றுதான் தோன்றும். இங்கே அப்படி இல்லை. டாட் 3, 4, 5.1 மூன்றும் கிளைக்கால் குடும்பம், ஒன்றோடு ஒன்று கலக்கும். டாட் 5 மட்டும் சிலிகான். வேறு சாதி, இவற்றோடு சேரவே சேராது. 5.1-இன் கொதிநிலை டாட் 5-க்குச் சமம் என்பதால் அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. பெயர் வைத்தவரை என் டீமில் வைத்திருக்க மாட்டேன்.

டாட் 4-இல் போரேட் எஸ்டர் என்ற பொருள் சேர்ந்திருக்கும். உள்ளே வரும் தண்ணீரை அது முதலில் கட்டிப்போட்டு, கொதிநிலை விழாமல் கொஞ்ச காலம் பார்த்துக்கொள்ளும். டாட் 5.1-இன் விசேஷம், கடும் குளிரிலும் நீர்த்தே இருப்பது. ஏபிஎஸ் வண்டிகளின் நுண்ணிய வால்வுகளுக்கு அது தேவை. ஏபிஎஸ் என்ற சொல்லே இல்லாத காலத்து ஹெரால்டுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை.

"ஆயில்" என்ற பெயர் செய்யும் கேடு

நாம் எல்லோரும் பிரேக் ஆயில் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படித்தான். ஆனால் அது எண்ணெயே இல்லை. பெயரை நம்பி யாராவது இஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றினால் ஆபத்து தொடங்கிவிட்டது.

காரணம் ரப்பர். மாஸ்டர் சிலிண்டரிலும் வீல் சிலிண்டரிலும் திரவத்தைக் கசியாமல் பிடிப்பவை சின்னச் சின்ன ரப்பர் கப்புகள். பழைய பிரிட்டிஷ் வம்சத்து வண்டிகளில் இவை இயற்கை ரப்பர். இப்போது வரும் கிட்டுகளில் ஈபிடிஎம் போன்ற செயற்கை ரப்பர் இருக்கும். இரண்டுமே கிளைக்கால் திரவத்தில் நிம்மதியாக இருக்கும், பெட்ரோலிய எண்ணெயில் ஊதிப் பெருத்துவிடும்.

ஊதினால் கசியும் என்றுதான் நினைத்திருந்தேன். அதை விட மோசமானது ஒன்று உண்டு. பல மாஸ்டர் சிலிண்டர்களில், பெடலை விட்டதும் திரவம் ரிசர்வாயருக்குத் திரும்ப ஊசித்துளை மாதிரி ஒரு வழி இருக்கும். ஊதிய கப் அந்தத் துளையை அடைத்துவிடும். அழுத்தம் வெளியேற வழியில்லாமல் பிரேக் பிடித்தபடியே நின்றுவிடும். சூடு ஏறும், திரவம் விரியும், இன்னும் இறுகும். ஒரு பட்டறையில் இப்படிச் சக்கரம் சுற்றாமல் இழுத்து வந்த அம்பாசடரைப் பார்த்தேன். அதன் கப்புகளைக் கழற்றி, புதியவற்றின் பக்கத்தில் வைத்தால் பணியாரமும் இட்லியும் மாதிரி இருந்தன. அப்படி ஆகிவிட்டால் திரவத்தை மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை. ரப்பர், ஹோஸ் அத்தனையும் புதுசு போட வேண்டும்.

நம்மூர்ப் பட்டறைகளில் இன்னொரு பழக்கம், கழற்றிய பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவது. இஞ்சின் பாகத்துக்குச் சரி. பிரேக் சிலிண்டருக்கு வேண்டாம். உள்ளே மிச்சம் நிற்கும் ஈரமே புது கப்பைக் கெடுக்கும். ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, புதுப் பிரேக் திரவத்தில் நனைத்து மாட்டுவது போதும். சாதாரண கிரீஸும் கூடாது, பிரேக் ரப்பருக்கென்றே விற்கும் சிவப்பு கிரீஸ் இருக்கிறது.

"ஆயில்" என்ற பெயர் முழுக்கப் பொய்யும் இல்லை. ஹைட்ராலிக் பிரேக்கின் ஆரம்ப காலத்தில் ஆல்கஹாலோடு விளக்கெண்ணெய் கலந்த திரவங்களைத்தான் ஊற்றினார்கள். இயற்கை ரப்பரை விளக்கெண்ணெய் கெடுக்காது. பாட்டி கையால் குடித்த அதே ஆமணக்கு எண்ணெய்தான். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரில் இருந்து வந்தது. அந்தத் திரவங்கள் போய்விட்டன, பெயர் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

சிலிகான் ஆசை

பழைய கார் வைத்திருப்பவர்களை டாட் 5 மயக்குவதற்குக் காரணம் உண்டு. கிளைக்கால் திரவம் பெயிண்டில் பட்டால் உரித்துவிடும், சிலிகான் உரிக்காது. தண்ணீரை இழுக்காது. கொதிநிலையும் அதிகம். ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு இதைவிட என்ன வேண்டும்? நானும் வாங்கும் எண்ணத்தில்தான் இருந்தேன். படிக்கப் படிக்கத் தயக்கம் வந்தது.

தண்ணீரை அது இழுக்காது, சரி. எப்படியோ உள்ளே வந்துவிட்ட தண்ணீர் என்ன ஆகும்? கிளைக்காலில் தண்ணீர் மொத்தத் திரவத்திலும் பரவிக் கரைந்துவிடும். சிலிகானில் கரையாது. சொட்டாகவே இருந்து, பள்ளமான இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். பள்ளமான இடம் என்பது வீல் சிலிண்டர். அங்கே ஒரே புள்ளியை அரிக்கும். சூடு வந்தால் அந்தச் சொட்டு சுமார் 100 டிகிரியிலேயே கொதிக்கும். 260 என்று டப்பாவில் போட்டிருப்பது அந்தச் சொட்டுக்குத் தெரியாது.

கிளைக்காலை விடச் சிலிகான் கொஞ்சம் அதிகமாகச் சுருங்கும், காற்றையும் கரைத்து வைத்துக்கொள்ளும். அதனால் பெடல் லேசாகப் பஞ்சு மாதிரி இருக்கலாம். வேகமாக ஊற்றினால் நுரைத்துவிடும், ஏர் எடுத்து முடிக்கப் பொழுது போய்விடும். எல்லாவற்றுக்கும் மேல், பழைய கிளைக்கால் மிச்சம் இருக்கும் குழாயில் அதை ஊற்றவே கூடாது. குழாயைச் சுத்தமாக்கி, ரப்பர் எல்லாம் புதுசு போட்டு, காய்ந்த நிலையில் தொடங்க வேண்டும்.

மொத்த பிரேக்கையும் பிரித்துப் புதுப்பிக்கிறீர்கள், வண்டி பெரும்பாலும் நிற்கப்போகிறது, மலை ஏறாது, பெயிண்டைக் காப்பது முக்கியம் என்றால் சிலிகான் நியாயமான தேர்வு. அமெரிக்க ராணுவம் வருஷக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டிகளுக்கு அதைத் தேர்ந்தெடுத்ததும் இந்தத் தர்க்கத்தில்தான். "மாத்தவே வேண்டாம்" என்ற ஆசைக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

விதிவிலக்குகள்

பழைய கார் என்றாலே டாட் ஏதோ ஒன்று என்றும் நினைத்துவிடக் கூடாது. 1955-இல் வந்த பிரெஞ்சு சிட்ரோயன் டிஎஸ் காரில் சஸ்பென்ஷன், பிரேக் எல்லாம் ஒரே ஹைட்ராலிக் திரவத்தில் இயங்கின. முதலில் அது சிவப்புத் திரவம். தண்ணீரை இழுத்துத் துருப்பிடிக்கும் தொல்லை தாங்காமல் 1966-இல் பச்சை நிற மினரல் எண்ணெய்க்கு மாறினார்கள். பச்சைக்கான ரப்பர் வேறு, சிவப்புக்கான ரப்பர் வேறு. குழப்பம் வராமல் இருக்க, பச்சைத் திரவத்துக்கான பாகங்களுக்குப் பச்சைப் பெயிண்டே அடித்துவிட்டார்கள். ரோல்ஸ் ராய்ஸிலும் இதே கதைதான். சில்வர் ஷேடோவுக்குக் கிளைக்கால் வகைத் திரவம், 1980-இல் அதன் இடத்துக்கு வந்த சில்வர் ஸ்பிரிட்டுக்கு மினரல் எண்ணெய். மாற்றி ஊற்றினால் இரண்டிலும் ரப்பர் காலி.

ஆக, முதல் கேள்வி "எது நல்ல திரவம்" என்பது இல்லை. "என் வண்டிக்குள் என்ன ரப்பர் இருக்கிறது, இப்போது என்ன திரவம் இருக்கிறது" என்பதுதான்.

இரண்டாவதைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே வழி உண்டு. ரிசர்வாயரில் இருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரோடு சேர்த்துக் குலுக்குங்கள். கரைந்து ஒன்றாகிவிட்டால் கிளைக்கால். தனி அடுக்காகப் பிரிந்து நின்றால் சிலிகானோ மினரல் எண்ணெயோ இருக்கிறது. யாரிடமோ வாங்கிய பழைய வண்டி என்றால் இதைச் செய்யாமல் எதையும் ஊற்றாதீர்கள். சிலிகானுக்கு ஊதா, மினரலுக்குப் பச்சை, கிளைக்காலுக்கு மஞ்சள் என்று நிற அடையாளம் இருந்தாலும், வருஷங்கள் போனால் நிறத்தை நம்ப முடியாது.

நான் என்ன செய்தேன்?

நாலு வீல் சிலிண்டரும் மாஸ்டர் சிலிண்டரும் பிரித்து, புதுக் கிட் போட்டு, எல்லா ரப்பர் ஹோஸும் மாற்றியாயிற்று. திரவம், எந்த ஊர் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும் சாதாரண டாட் 4. டாட் 3 ஊற்றியிருந்தாலும் தப்பில்லை. விலை வித்தியாசம் சொற்பம், மலைக்கு 15 டிகிரி கூடுதல் கிடைக்கிறது, அவ்வளவுதான் காரணம். அம்பாசடர், பியட் வைத்திருப்பவர்களுக்கும், சிலிகான் போட்ட சரித்திரம் இல்லாத வரை, இதையேதான் சொல்வேன்.

மாற்றும்போது கற்றுக்கொண்ட சில விஷயங்கள்:

சீல் உடையாத சின்ன டப்பாவாக வாங்குங்கள். அலமாரியில் பாதியாகக் கிடக்கும் டப்பா ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். மிச்சத்தைச் சேர்த்து வைப்பது சிக்கனம் ஆகாது.

முதலில் ரிசர்வாயரில் இருக்கும் பழைய திரவத்தை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்புங்கள். பிறகு மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் இருந்து ஏர் எடுக்கத் தொடங்குங்கள். நம்மூர் வண்டியில் வழக்கமாகப் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. ஒவ்வொன்றிலும் தெளிந்த மஞ்சள் திரவம் வரும்வரை விடுங்கள். நடுவில் ரிசர்வாயர் காலியாகிவிடாமல் ஒரு ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிட் மாற்றாமல் திரவம் மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால், பெடலைத் தரை வரை மிதிக்காதீர்கள். வழக்கமாகக் கப் போய் வராத தூரத்தில் சிலிண்டர் சுவர் துருப்பிடித்திருக்கும். அங்கே போனால் கப் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும். இதை எனக்குச் சொன்னது அந்த எழுபது வயது மெக்கானிக்தான்.

பெயிண்டில் சிந்தினால் துணியால் தேய்க்காமல் உடனே தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். தண்ணீரில் கரையும் குணம் இங்கே நமக்கு உதவி.

ஒரு கூடுதல் எச்சரிக்கை. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய்ச் சுற்று. எங்கே ஒரு இடத்தில் போனாலும் நாலும் போச்சு. அமெரிக்காவில் 1968 முதல் இரட்டைச் சுற்று கட்டாயமானது. அதற்கு முந்தைய வடிவமைப்புள்ள நம் வண்டிகளில் மாற்று என்பது கேபிளால் இயங்கும் ஹேண்ட்பிரேக் மட்டும்தான். அதையும் அதே நாளில் டைட் செய்துவிடுங்கள். எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

எப்போது மாற்றுவது? இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை என்பது பொது விதி. ஈரக்காற்று அடிக்கும் ஊர், மலைப்பயணம் என்றால் வருஷத்துக்கு ஒரு முறை. தேதி எனக்கு மறந்துவிடும் என்பதால் ஆயுத பூஜையோடு கட்டிவிட்டேன். எப்படியும் வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்கிற வாரம். எலுமிச்சம்பழத்தோடு ஒரு டப்பா டாட் 4-உம் வாங்கிவிட வேண்டியது. மாற்றிய தேதியைத் துண்டுச் சீட்டில் எழுதி ரிசர்வாயர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

இந்த ஜனவரியில் மறுபடி ஏற்காடு போனோம். இறங்கும்போது அப்பா ஓட்டினார், செகண்ட் கியரில். அடிவாரம் வந்ததும் இறங்கி நாலு டிரம்மின் பக்கத்திலும் உள்ளங்கையைக் காட்டிச் சூடு பார்த்தேன். நாலும் ஒரே மாதிரி, லேசான சூடு. மகள் "டீ குடிக்கலாமா தாத்தா?" என்றாள். குடித்துவிட்டுக் கிளம்பினோம்.